பிள்ளையின் டாக்டர் கனவு: வெளிநாட்டு இன்டர்ன்ஷிப்புக்குப் பணம் கட்டும் முன்

அமெரிக்காவில் மருத்துவக் கல்லூரிக்குத் தயாராகும் பிரீமெட் படிப்பில் இருக்கும் பிள்ளைகள் உள்ள தமிழ் வீடுகளில் ஜனவரி பிறந்தாலே இந்தப் பேச்சு தொடங்கிவிடும். கோடை விடுமுறைக்குத் தான்சானியா, பெரு என்று மெடிக்கல் இன்டர்ன்ஷிப் அனுப்புவதா, இங்கேயே பக்கத்து மருத்துவமனையில் வாலன்டியராகச் சேர்ப்பதா? முதலில் உள்ளூரில், வாராவாரம், ஓராண்டாவது போகட்டும். வெளிநாட்டை அதன்பிறகு யோசிக்கலாம் என்பதுதான் என் கட்சி. முடிவெடுக்க உதவும் சில குறிப்புகள் இதோ.

1. "தையல் போடலாம், பிரசவம் பார்க்கலாம்" என்று ஆசை காட்டும் திட்டங்களை அந்த வரியைப் பார்த்ததுமே ஒதுக்கிவிடுங்கள். பயிற்சி இல்லாத காரணத்தால்தான் இருபது வயதுப் பிள்ளையை இங்கே ஊசியைத் தொட விடுவதில்லை. விமானம் ஏறி இறங்கியதும் அந்தப் பயிற்சி வந்துவிடாது. அங்கே படுத்திருப்பவரும் யாரோ ஒருவருடைய அம்மா. அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கமான ஏஏஎம்சி, 2011-லேயே இதற்கென்று வழிகாட்டுதல் வெளியிட்டுவிட்டது. தகுதிக்கு மீறிச் செய்த சிகிச்சையை விண்ணப்பத்தில் பெருமையாக எழுதினால், அதுவே பிள்ளைக்கு எதிராகத் திரும்பும்.

2. நம் வீடுகளில் இன்னொரு வழியும் உண்டு: மதுரையிலோ திருச்சியிலோ மாமாவின் நர்சிங் ஹோம். "வா, தியேட்டருக்குள்ளேயே நிற்கலாம்" என்று அவர் பாசத்தில் கூப்பிடுவார். போகட்டும்; ஆனால் பார்க்க மட்டும். நோயாளிக்கு மயக்க மருந்து கொடுப்பதற்கு முன்பே, "இந்தப் பிள்ளை இன்னும் டாக்டர் இல்லை, படிக்கப் போகிறவன். பக்கத்தில் நிற்கலாமா?" என்று தமிழில் கேட்கச் சொல்லுங்கள். டாக்டர் ஐயா கேட்டால் நம்மூரில் யாரும் மாட்டேன் என்று சொல்லத் துணிய மாட்டார்கள். அதனால் டாக்டர் இல்லாத நேரத்தில், தெரிந்த நர்ஸ் அக்கா ஒருவர் கேட்பது நல்லது. ஸ்டெதாஸ்கோப்பைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வார்டில் படம் எடுப்பது கூடவே கூடாது.

3. உள்ளூர் மருத்துவமனையில் வாலன்டியராகச் சேர மனுப் போட்டாலும் உடனே உள்ளே விட மாட்டார்கள். தட்டம்மை, சின்னம்மைத் தடுப்பூசிச் சான்று, காசநோய்ப் பரிசோதனை, பின்னணி விசாரணை எல்லாம் முடியச் சில வாரங்கள் பிடிக்கும். இந்தியாவில் பிறந்து பிசிஜி என்னும் காசநோய்த் தடுப்பூசி போட்டுக்கொண்ட பிள்ளையாக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். தோலில் ஊசி போட்டு வீக்கத்தை அளக்கும் சோதனை, காசநோய்க் கிருமி இல்லாவிட்டாலும் இருப்பதாகக் காட்டக்கூடும். பிசிஜி அட்டையைக் காட்டி, இக்ரா என்னும் ரத்தப் பரிசோதனையைக் கேளுங்கள். பிசிஜி அதைப் பாதிக்காது; வீண் அலைச்சல் மிச்சம்.

4. பெரிய மருத்துவமனையில் இடம் இல்லை என்றால் இறுதி நாட்களில் இருப்பவர்களைப் பராமரிக்கும் ஹாஸ்பிஸில் கேட்டுப் பாருங்கள். மெடிகேர் என்னும் அரசுக் காப்பீட்டுப் பணம் பெறும் ஹாஸ்பிஸ்களில், நோயாளிகளைக் கவனிக்கும் மொத்த நேரத்தில் குறைந்தது 5 சதவீதத்துக்கு ஈடான நேரத்தைத் தொண்டர்கள் தர வேண்டும் என்பது சட்டம். அதனால் அவர்களுக்கு ஆள் எப்போதும் தேவை. பயிற்சியும் அவர்களே தருவார்கள். இறுதி நாட்களில் இருப்பவரின் கட்டிலருகே உட்கார்ந்து, அவர் பேசினால் கேட்டு, பேசாவிட்டால் சும்மா இருக்கக் கற்ற பிள்ளைக்கு, இந்தத் தொழில் தனக்கு ஒத்துவருமா என்பது தெரிந்துவிடும். இத்தனை சிறு வயதில் சாவைப் பார்க்க வேண்டுமா என்று வீட்டுப் பெரியவர்கள் தயங்குவார்கள். மருத்துவப் படிப்பில் சேர்ந்தால் அதை எப்படியும் பார்க்கத்தான் வேண்டும்.

5. "வீல்சேர் தள்ளுவதற்கா இவ்வளவு படித்தாய்?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். பிரேக் போடாத வீல்சேரில் ஒருவரை உட்காரவைத்தால் அது பின்னால் நழுவும். எழுந்திருக்கும் முன் கால் வைக்கும் தகட்டை மடக்காவிட்டால் தடுக்கி விழுவார். லிஃப்டுக்குள் பின்பக்கமாக இழுத்துப் போனால்தான் சின்னச் சக்கரம் இடுக்கில் மாட்டாது. கொண்டுபோகும் வழியில் அவர் பயப்படுகிறாரா, குளிர்கிறதா, ஸ்கேன் எதற்கென்று யாராவது சொன்னார்களா என்பதெல்லாம் தள்ளுகிறவருக்குத்தான் முதலில் தெரியும்.

6. தமிழ் தெரியும் என்பதற்காக நோயாளிக்கும் டாக்டருக்கும் நடுவில் மொழிபெயர்க்கச் சொன்னால், பணிவாக மறுக்கச் சொல்லுங்கள். மருந்தின் அளவில் ஒரு சொல் தவறினாலும் ஆபத்து. ஆர்வம் இருந்தால், மருத்துவ மொழிபெயர்ப்பாளர் சான்றிதழுக்குக் கேட்கும் 40 மணி நேரப் பயிற்சியை முறையாக முடிக்கட்டும். தனியாக வரும் தமிழ்ப் பாட்டிகளுக்கு அது பெரிய உதவி.

7. கையால் செய்து பழக வேண்டும் என்ற ஆசைக்கும் நேர்வழி இருக்கிறது. நர்ஸிங் அசிஸ்டன்ட் பயிற்சிக்கு அமெரிக்க மத்திய அரசு வைத்திருக்கும் குறைந்தபட்சம் 75 மணி நேரம்தான். பல மாநிலங்கள் அதற்கு மேல் கேட்கின்றன. சான்றிதழ் வாங்கினால் குளிப்பாட்டலாம், ஊட்டலாம், ரத்த அழுத்தம் பார்க்கலாம், சம்பளமும் உண்டு. வெளிநாட்டுத் திட்டத்துக்குக் கட்டும் பணத்தில் ஒரு பகுதியே இதற்குப் போதும்.

8. இவ்வளவுக்குப் பிறகும் வெளிநாடு போக விரும்பினால், திட்டம் நடத்துகிறவர்களிடம் எழுத்தில் பதில் வாங்குங்கள். கட்டணத்தில் அந்த ஊர் மருத்துவமனைக்கு எவ்வளவு போகிறது? பிள்ளையைக் கண்காணிக்கும் உள்ளூர் டாக்டர் யார்? அந்த மொழி தெரியாத பிள்ளை அங்கே என்ன செய்யும்? கையில் ஊசி குத்திவிட்டால் எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். அது அங்கே கையிருப்பில் உண்டா? மழுப்பலாகப் பதில் வந்தால் விட்டுவிடுங்கள். கானா போன்ற நாடுகளுக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கட்டாயம். ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் அது செல்லுபடியாகும் என்பதால் கடைசி வாரம் வரை தள்ளிப்போடாதீர்கள்.

9. வெளிநாட்டில் கற்க வேண்டியது, ஒரு மருத்துவமனை எப்படி இயங்குகிறது என்பதை. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கைகளோடு தொடங்கினார். பணம் கட்டுபவர்களின் கட்டணத்தில் ஏழைகளுக்கும் சிகிச்சை நடக்கிறது. கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் இறக்குமதியில் விலை அதிகம் என்று 1992-ல் அவர்களே ஆரோலேப் என்னும் நிறுவனத்தைத் தொடங்கித் தயாரித்தார்கள். கிராமத்து முகாமில் கண்புரை கண்டுபிடித்தவரைப் பஸ்ஸில் அழைத்து வந்து அறுவை சிகிச்சை செய்து திருப்பி அனுப்புகிறார்கள். முறையாக அனுமதி பெற்று இப்படி ஒரு இடத்தைப் பார்த்துவர முடிந்தால், அந்தப் பயணத்துக்கு நான் தாராளமாகச் சம்மதிப்பேன்.

10. எங்கே போனாலும் ஒரு சின்ன நோட்டு வாங்கிக் கொடுங்கள். தேதி, எத்தனை மணி நேரம், மேற்பார்வையாளரின் பெயர், மின்னஞ்சல் ஆகியவற்றை அன்றன்றே எழுதட்டும். நோயாளியின் பெயரோ அடையாளமோ அதில் வரக்கூடாது. மருத்துவக் கல்லூரிச் சேர்க்கைக்கான ஏம்காஸ் விண்ணப்பத்தில் 15 செயல்பாடுகள் வரைதான் போடலாம், அவற்றில் 3-ஐ முக்கியமானவை என்று குறிக்கலாம். அன்று மனதில் பட்ட ஒரு விஷயத்தையும் இரண்டு வரியில் எழுதி வைத்தால், நேர்முகத் தேர்வுக்கு முன்னால் எடுத்துப் படிக்கலாம்.