நம்பிக்கைகளும் உண்மைகளும்: காய்ந்த பெயின்டின் எடை

"பெயின்டுக்கு என்ன சார் எடை? காய்ஞ்சா போச்சு." ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை, எங்கே போனாலும் இந்த வாசகம் காதில் விழுகிறது. ஆலப்புழைக்காரரான அசோக் தாமராக்ஷன், பொதுமுடக்கக் காலத்தில் லண்டன் பக்கம் இருந்தபடியே, தென்னாப்பிரிக்காவின் ஸ்லிங் கம்பெனி உதிரிபாகத் தொகுப்பாக விற்கும் நான்கு இருக்கை விமானத்தைக் கட்டி 2022-ல் பறக்கவிட்டார். அந்தச் செய்தி வந்ததிலிருந்து வேலூர் வட்டாரத்துப் பொறியியல் மாணவர்களுக்கும் விமானம் கட்டும் ஆசை பிறந்துவிட்டது. ஆசை நல்லது. நான் தோல் ஃபினிஷிங் தொழிலில் இருப்பவன் என்று தெரிந்ததும் என்ன கலர் அடிக்கலாம், எவ்வளவு பளபளப்பு வேண்டும் என்று கேட்கிறார்கள். எடையைப் பற்றிப் பேச்செடுத்தால் மட்டும் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பை நிறுத்தத்தான் இதை எழுதுகிறேன்.

இந்தப் புரளி நம் ஊரில் இவ்வளவு வேரூன்றியதற்குக் காரணம் நம் தொழிலேதான். எந்தத் தோல் ஷாப்பிலும் ஸ்ப்ரே மேன் வேலையைத் தொடங்குமுன் ஒரு சதுர அடித் துண்டை எடைபோடுவார். கன் அடித்ததும் மறுபடி எடைபோடுவார். ஈரத்தில் எட்டு கிராம் ஏறியிருக்கும். டிரையரில் போய் வந்த பிறகு பார்த்தால் நிற்பது ஒரு கிராம் சொச்சம். மீதியெல்லாம் தண்ணீரும் தின்னரும், காற்றோடு போய்விட்டது. பேஸ் கோட், டாப் கோட் எல்லாம் முடிந்தாலும் ஓர் அடிக்கு மூன்று கிராம் அளவில்தான் இருக்கும். இதைத் தினமும் பார்க்கிறவர்களுக்குக் காய்ந்த பூச்சுக்கு எடையே இல்லை என்று தோன்றுவது இயற்கைதான். தோலுக்கு அது உண்மை. விமானத்துக்கு அது சுத்தப் பொய்.

தோலின் மேல் படியும் படலம் 30 மைக்ரான் பக்கம் இருக்கும். அதைவிடக் கனமாக அடித்தால் தோல் விறைத்துப்போகும், ஷூ மடிகிற இடத்தில் வெடிக்கும். அதனால்தான் மெல்லியதாக அடிக்கிறோம். விமானத்தின் அலுமினியத் தகட்டுக்கு அப்படியில்லை. அரிப்பைத் தடுக்க ஒரு பிரைமர், அதன் மேல் கலர், அதன் மேல் கிளியர் கோட் என்று மூன்றும் சேர்ந்து சாதாரணமாக 100 மைக்ரானைத் தாண்டும். அதற்கு அடிக்கும் 2கே பாலியூரத்தேன் (ஹார்டனர் கலந்து அடிக்கும் இரு பாகப் பெயின்ட்), நம் லாக்கர் மாதிரி பெரும்பாலும் தின்னர் அல்ல. தகட்டில் படிவதில் பெரும்பகுதி காய்ந்த பிறகும் அங்கேயே தங்கிவிடும்.

கணக்குப் போடுங்கள். படலம் 120 மைக்ரான், காய்ந்த பெயின்டின் அடர்த்தி 1.4 என்றால் ஒரு சதுர மீட்டருக்கு 168 கிராம். நம் அளவில் சொன்னால் ஓர் அடிக்குப் பதினைந்து கிராமுக்கு மேல். தோலில் நிற்பதைப்போல் ஐந்து மடங்கு. இறக்கையின் மேல்புறம், கீழ்ப்புறம், உடற்பகுதி, வால் எல்லாம் சேர்த்து 60 சதுர மீட்டர் என்று வைத்தால் பத்து கிலோ. எதையும் தவறாகச் செய்யாமல், கையளவு கூடக் கூட்டாமல் அடித்ததற்கே பத்து கிலோ.

பத்து கிலோ ஒரு பெரிய விஷயமா என்று அடுத்த கேள்வி வரும். அசோக் கட்டிய ஸ்லிங் டிஎஸ்ஐ ரகத்தின் உச்ச எடை 950 கிலோ. வெறும் விமானமே சுமார் 500 கிலோ. மிச்சம் 450. ஆளுக்கு 80 கிலோ என்று நான்கு பேர் ஏறினால் 320 போய்விட்டது. நூறு லிட்டர் பெட்ரோல் 72 கிலோ. பெட்டி படுக்கைக்கும் எல்லாத் தவறுகளுக்கும் சேர்த்துக் கையில் இருப்பது 58 கிலோதான். அதில் பத்து கிலோவைப் பெயின்ட் தின்றுவிட்டால் ஈடுகட்ட 14 லிட்டர் பெட்ரோலைக் குறைக்க வேண்டும். அந்த இன்ஜினுக்கு 14 லிட்டர் என்பது ஏறத்தாழ அரை மணி நேரப் பறப்பு. வானிலை கெட்டு வேறு தளம் தேடி ஓடவேண்டிய நேரத்தில் அந்த அரை மணி உயிர்.

பெயின்டை விடப் பெரிய திருடன் ஃபில்லர். கண்ணாடி இழைப் பாகங்களைக் கட்டுகிறவர்கள் மேடு பள்ளத்தை மறைக்க எபாக்சியில் நுண்குமிழ்ப் பொடியைக் கலந்து அப்புவார்கள். அப்பியதைத் தேய்த்து எடுக்கவேண்டும். தேய்க்கச் சோம்பல்பட்டால் அது அங்கேயே நிற்கும். பத்து சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் நின்றால் இலேசான ஃபில்லரே ஆறு கிலோ. ரிவெட் தலை தெரியக்கூடாது, கண்ணாடி மாதிரி வழவழப்பாக வேண்டும் என்று மூன்றாம் முறை, நான்காம் முறை அப்புகிறவர்கள் விமானம் கட்டவில்லை, ஷோரூம் பொம்மை செய்கிறார்கள்.

நாசாவைப் பாருங்கள். விண்வெளி ஓடத்தின் பெரிய எரிபொருள் தொட்டியை 1981-ல் முதல் இரண்டு பயணங்களுக்கு வெள்ளையடித்து அனுப்பினார்கள். 1982-ல் மூன்றாவது பயணத்திலிருந்து பெயின்டையே விட்டுவிட்டார்கள். மிச்சமான எடை சுமார் 270 கிலோ. அதற்குப் பிறகு நாம் படங்களில் பார்த்த அந்த ஆரஞ்சு நிறம் பூச்சு இல்லாத நுரைப்போர்வையின் நிறம்.

மொத்த எடையாவது தராசில் தெரியும். அடித்த இடத்தைப் பொறுத்து வரும் ஆபத்து கண்ணுக்கே தெரியாது. எலிவேட்டர், ரட்டர், அய்லரான் இவை கீல் மேல் ஆடும் பலகைகள். கீலுக்குப் பின்பக்கம் கனத்துப்போனால், குறிப்பிட்ட வேகத்தில் அவை தாமாகப் படபடக்கத் தொடங்கும். ஃப்ளட்டர் என்பது இதுதான். தொடங்கினால் சில நொடிகளில் வாலையே பிய்த்துவிடக்கூடியது. அதைத் தடுக்கத்தான் கீலுக்கு முன்னால் ஈயக்கட்டி வைத்துச் சமன்செய்கிறார்கள். எலிவேட்டரில், கீலிலிருந்து 30 சென்டிமீட்டர் பின்னால், ஓரத்தில், 50 கிராம் பெயின்ட் கூடிவிட்டது என்று வையுங்கள். அதைச் சமன்செய்ய 10 சென்டிமீட்டர் முன்னால் 150 கிராம் ஈயம் வேண்டும். ஆக வால் நுனியில் 200 கிராம் ஏறிவிட்டது. அதனால் விமானத்தின் எடைமையம் பின்னுக்குப் போகிறது. பெயின்ட் அடித்த பிறகு இந்தப் பலகைகளைக் கழற்றி மறுபடி சமன்பார்க்க வேண்டும் என்பது விமானத்துறையில் பாலபாடம். அடித்துக் காயவைத்து மாட்டி முடித்த பிறகு, "அதெல்லாம் முன்னாடியே பேலன்ஸ் பார்த்தாச்சு" என்று ஒருவர் சொன்னால் அந்த விமானத்தில் ஏறாதீர்கள்.

கலர் விஷயத்தில் ஒரு வார்த்தை. கறுப்பும் கருநீலமும் கேட்கிற பையன்கள், தங்கள் விமானம் எதனால் ஆனது என்று முதலில் சொல்லட்டும். அலுமினியம் என்றால் உங்கள் இஷ்டம். கண்ணாடி இழையும் எபாக்சியும் என்றால் வெள்ளை தவிர வேறெதையும் நினைக்காதீர்கள். பெங்களூரில் அரசு ஆய்வகமான என்ஏஎல் வடிவமைத்து 1993-ல் முதலில் பறந்த ஹன்சா அந்த வகைதான். அது வெள்ளையாக இருப்பது அழகுக்காக அல்ல. கத்திரி வெயிலில் வேலூரில் நிழலிலேயே 40 டிகிரி தாண்டுகிறது. வெயிலில் நிற்கும் கரும்பரப்பு 80 டிகிரியைத் தொடும். வீட்டுக் கொட்டகையில் சூடேற்றாமல் இறுகவிட்ட எபாக்சி அந்தச் சூட்டில் இளகும்.

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு நேரம் செலவழிக்கத் தேவையில்லை.

பெரிய இன்ஜின் போட்டால் எடை பிரச்சினை தீரும் என்கிறார்கள். தீராது. அதே என்ஏஎல் வடிவமைத்து, 2004 மே 29 அன்று பறந்த சரஸ் விமானத்தின் முதல் மாதிரி, 4,125 கிலோ இருக்கவேண்டிய இடத்தில் 5,118 கிலோ வந்து நின்றது. இரண்டாவது மாதிரிக்குக் கூடுதல் குதிரைத்திறன் கொடுத்தார்கள். அதோடு விடாமல் உடம்பையும் இளைக்கவைத்தார்கள். இறக்கையின் எலும்பு தாங்கும் அளவை இன்ஜின் கூட்டாது.

கம்பெனி சொல்லும் எடை வரம்பில் எப்படியும் கொஞ்சம் தாராளம் இருக்கும் என்பது லாரி உலகத்துப் பேச்சு. நெடுஞ்சாலையில் பாரம் மிஞ்சிய லாரிக்கு டயர் வெடித்தால் ஓரங்கட்டலாம். விமானத்தின் கட்டமைப்பில் வைத்திருக்கும் ஒன்றரை மடங்கு தாங்குதிறன் காற்றின் உதறலுக்கும் உலோகத்தின் குறைக்கும் வைத்தது. அது கட்டுகிறவரின் சோம்பலுக்கு வைத்த இருப்பு அல்ல. எடை பத்து சதவீதம் கூடினால் விமானம் தரையிறங்க வேண்டிய வேகமும் ஐந்து சதவீதம் கூடும்.

தோல் இருக்கை கனம், அதனால் தோலே வேண்டாம் என்பதில் பாதிதான் உண்மை. ஒரு மில்லிமீட்டர் தோல் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 850 கிராம். ஷேவிங் மெஷினில் 0.7-க்கு இறக்கினால் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு குறையும். ஆனால் கிழிபலத்தையும் தீச்சோதனையையும் பார்த்த பிறகே இருக்கையில் தைக்கவேண்டும்.

கட்டினால் பறந்துவிடலாம் என்பவர்கள் மும்பையின் கேப்டன் அமோல் யாதவைக் கேட்கட்டும். மொட்டைமாடியில் கட்டிய ஆறு இருக்கை விமானத்தை 2016-ல் ஊரறியக் காட்டினார். விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ-வின் பதிவு கிடைத்தது 2017 கடைசியில்தான். பறக்க அனுமதி அதற்கும் பிறகு.

ஆக, செய்யவேண்டியது என்ன? கொட்டகையில் முதலில் வாங்கவேண்டியது ஸ்ப்ரே கன் அல்ல, தராசு. ஒவ்வொரு பாகத்தையும் அடிக்குமுன் ஒரு முறை, காய்ந்த பின் ஒரு முறை எடைபோட்டு நோட்டில் எழுதுங்கள். நம் ஸ்ப்ரே மேன்களுக்கு இது கைவந்த பழக்கம். அவர்களையே கூப்பிட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். எல்லாம் முடிந்ததும் மூன்று சக்கரத்துக்கும் அடியில் தராசு வைத்து மொத்த எடையையும் எடைமையத்தையும் புதிதாகக் கணக்கெடுங்கள். பழைய தாளில் இருக்கும் எண் செல்லாது.

அவர்களைக் கூப்பிடுவதென்றால் இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். 2கே பெயின்டின் ஹார்டனரில் இருப்பது ஐசோசயனேட். நம் டாப் கோட் கிராஸ்லிங்க்கர் பலவற்றிலும் இருப்பது அதே குடும்பம். அதன் புகைத்தூறல் நுரையீரலில் இறங்கினால் ஆஸ்துமா வரும். ஒரு முறை உடம்பு அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால் பிறகு துளி பட்டாலும் மூச்சிரைக்கும். அந்த மனிதர் அந்தத் தொழிலையே விடவேண்டியதுதான். நம் ஊரில் இன்றைக்கும் கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு கன் பிடிக்கிறவர்களைப் பார்க்கிறேன். பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. கைக்குட்டை தூசைத் தடுக்கும்; ஐசோசயனேட்டைத் தடுக்காது. கடையில் விற்கும் துணி மாஸ்க்கும் தடுக்காது. வெளியிலிருந்து குழாய் வழியாகச் சுத்தக் காற்று வரும் மாஸ்க்தான் வேண்டும். கூலி பேசும்போதே அதன் வாடகையையும் சேர்த்துப் பேசுங்கள். கண்ணாடியும் கையுறையும் கூடவே கொடுங்கள். டின்னின் மேல் அந்தப் பெயர் அச்சடித்திருந்து காற்றுக்குழாய் மட்டும் வரவில்லை என்றால், அன்றைக்குக் கன்னைத் தொடவேண்டாம் என்று ஸ்ப்ரே மேனை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். அரைநாள் கூலியைக் கொடுத்தே அனுப்புங்கள்.