கல்வெட்டு வாசிக்க எந்தப் புத்தகம்?

அன்புள்ள தம்பி,

கல்வெட்டு வாசிக்கப் பழக வேண்டும், எதில் தொடங்கலாம் என்று கேட்டிருந்தாய். இணையத்திலிருந்து இறக்கி வைத்திருக்கும் நூல்களின் பட்டியலையும் அனுப்பியிருந்தாய். பட்டியலில் குறையில்லை. ஆனால் அதில் பெரும்பாலானவற்றை இப்போதைக்கு மூடி வை.

ஐராவதம் மகாதேவனின் தமிழ்-பிராமி நூலை முதலில் போட்டிருக்கிறாய். 2003இல் வெளிவந்த பேருழைப்பு அது. மலைக் குகைகளில் உள்ள பழைய எழுத்துகளுக்கு அதை விட்டால் வேறு வழியில்லை. நீ இருப்பதோ தஞ்சாவூரில். உன்னைச் சுற்றியிருப்பவை சோழர் காலத்துத் தமிழெழுத்துகள். அவற்றில் பலவற்றை இன்றைய எழுத்தைக் கொண்டே அடையாளம் கண்டுவிடலாம். நடந்து போய்ப் பார்க்கக் கூடியதை விட்டுவிட்டு எட்டாததில் ஏன் தொடங்க வேண்டும்?

எந்த நூலானாலும், வகுப்பானாலும் நான் ஒன்றைத்தான் பார்ப்பேன்: நான் தப்பாகப் படித்தால் அது என்னைப் பிடித்துக் கொடுக்குமா? அட்டவணையைப் பார்த்து எழுத்துகளை மனப்பாடம் செய்தால், எல்லாம் தெரிந்துவிட்டது போலத்தான் இருக்கும். கல்லின் முன்னால் போய் நின்றால் தெரியும் சங்கதி.

அதனால் உனக்கு நான் சொல்லும் முதல் புத்தகம் ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ வரிசையின் இரண்டாம் தொகுதி. ஹுல்ச் என்ற ஜெர்மானிய அறிஞர் தொடங்கிய வரிசை. முதல் தொகுதி 1890இல் வந்தது. இரண்டாவதில் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் வரிக்கு வரி எண்ணிட்டு, ஆங்கில மொழிபெயர்ப்போடு இருக்கின்றன. சிதைந்த, ஐயத்துக்குரிய எழுத்துகளை அடைப்புக்குள் போட்டிருப்பார்கள். தனக்கு எங்கே உறுதியில்லை என்று காட்டும் நூலை நம்பலாம். பின்னால் வந்த தொகுதிகள் பலவற்றில் மூலம் மட்டும்தான், மொழிபெயர்ப்பு கிடையாது. தொடங்குகிறவனுக்கு அவை சிரமம்.

தொகுதியைக் கையில் வைத்துக்கொண்டு கல்லைப் பார்க்காதே. முதலில் கல்லைப் பார்த்து உனக்குத் தெரிந்ததை நோட்டில் எழுது. தெரியாத இடத்தில் கோடு போடு. வீட்டுக்கு வந்து ஒப்பிடு. எங்கே இடறுவாய் என்று இப்போதே சொல்கிறேன். புள்ளி பெரும்பாலும் இருக்காது. எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் ஒரே வடிவில் வரும். காலும் ரகரமும் ஒன்றுபோலத் தெரியும். வடசொற்கள் வரும்போது நடுவே கிரந்த எழுத்து புகும். எண்களும் ஆண்டுக் குறியும் குறியீடுகளாக நிற்கும். சொல் தெரிந்தால்தான் எழுத்து தெளியும் என்பதால், எழுத்துப் பயிற்சியும் சொல் பயிற்சியும் சேர்ந்தே நடக்க வேண்டும்.

தளிச்சேரிப் பெண்டுகளைப் பற்றிய நீண்ட கல்வெட்டு இதற்கு அருமையான பாடம். 400 ஆடல் மகளிர் எந்தெந்த ஊர்க் கோயில்களிலிருந்து வந்தார்கள், தெருவின் எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு என்று ராஜராஜன் பொறித்து வைத்திருக்கிறான். ஒரு பங்குக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். ஒரே வாய்பாடு திரும்பத் திரும்ப வரும்; ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் மட்டும் மாறும். பத்து வீடு தாண்டுவதற்குள், பெயர்களின் முன்னால் வரும் ‘நக்கன்’ என்பது உனக்குப் பழகிவிடும். நம் ஆட்கள் மன்னனின் மெய்க்கீர்த்தியைத்தான் விழுந்து விழுந்து படிப்பார்கள். எனக்கு இந்த வீட்டு வரிசைதான் சுவை.

பொருள் விளங்காத சொல்லுக்கு எ. சுப்பராயலு தொகுத்த ‘தமிழ்க் கல்வெட்டுச் சொல்லகராதி’ இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் பேரகராதியும் நல்லதுதான். ஆனால் இறையிலி, கடமை, காசு போன்ற சொற்கள் கல்வெட்டில் எப்படிப் புழங்கின என்பதற்கு முன்னதுதான் நேர்வழி. இரா. நாகசாமியின் ‘கல்வெட்டியல்’ கிடைத்தால் வாங்கி வை, பின்னால் படிக்கலாம்.

காணொளிகளை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று சொல்லும் காணொளி எதுவானாலும், அதைச் செய்தவர் அங்கே வெயிலில் நின்று பார்த்ததில்லை என்று வைத்துக்கொள். நிழல் நன்றாகவே விழுகிறது. கல்வெட்டைப் பற்றிப் பேசுகிறவர் தொகுதி எண்ணையும் கல்வெட்டு எண்ணையும் சொன்னால் தொடர்ந்து கேள். ‘ஒரு கல்வெட்டில் இருக்கிறது’ என்று மட்டும் சொன்னால் நிறுத்திவிடு.

வார இறுதி வகுப்பு ஒன்றில் சேரலாமா என்றும் எழுதியிருந்தாய். பணம் கட்டுமுன் இரண்டு கேள்வி கேள்: கோயிலுக்கு அழைத்துப் போவார்களா? நீ படித்து எழுதியதைத் திருத்திக் கொடுப்பார்களா? இரண்டாவதற்கு மழுப்பினால் சேராதே. சான்றிதழ் வாங்கி மாட்டி வைக்க உனக்குச் சுவர் போதாதா என்ன!

காலையில் சீக்கிரம் போ, அல்லது மாலையில். சாய்வாக வெயில் விழும்போதுதான் எழுத்தின் குழிவு தெரியும். உச்சி வெயிலில் கல் வெறுமையாக இருக்கும். நிழலான இடத்துக்கு ஒரு டார்ச் எடுத்துப் போ, பக்கவாட்டில் பிடி. சுண்ணக்கட்டி, மாவு எதையும் எழுத்தின்மேல் தேய்க்காதே. முதல் 20 வரியை எழுதியதும் நோட்டுப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பு. கோடு போட்ட இடங்களை அழிக்காமல் அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்