வாசலில் ஒரு வழியனுப்பு

எங்கள் வீட்டில் கொலு வைக்கும் வழக்கம் இல்லை. நவராத்திரிக்குப் பிள்ளைகள் மனத்தில் நிற்கும்படி எதைத் தொடங்கலாம்?
– ஒரு வாசகி, சுசீந்திரம்

சுசீந்திரத்துக் குடும்பத்திற்குக் கொலுப்படி இல்லாதது குறையே அன்று. நவராத்திரிக்கு முன் முன்னுதித்த நங்கை அம்மன் இவ்வூரிலிருந்து பல்லக்கில் புறப்பட்டு, பத்மநாபபுரம் அரண்மனையின் தேவாரக்கட்டு சரஸ்வதியோடும் வேளிமலை முருகனோடும் திருவனந்தபுரம் செல்லும் மரபு, 1956இல் குமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்த பின்னரும் மாநில எல்லையைத் தாண்டித் தொடர்வதால், பிள்ளையின் கையாலேயே திரியிட்டு விளக்கேற்றி அம்மனை வழியனுப்புவதும், திரும்பும் நாளில் குடும்பமாக எதிர்கொள்வதும் மிகப் பொருத்தமான தொடக்கமாகும். விஜயதசமியன்று வித்யாரம்பம், அதாவது முதலெழுத்து எழுதுவித்தல், இளங்குழந்தைக்கு மட்டுமே என்றிராமல், தாம்பாளத்தில் பரப்பிய பச்சரிசியில் பாட்டி முதல் பேரன்வரை அனைவரும் விரலால் ஓரெழுத்து எழுதலாம். பின்னர் அவ்வரிசியிலேயே பாயசம் வைக்கலாம்.