இயற்பியல்தான் என் பலவீனமா?

கேள்வி: வாராவாரம் நீட் மாதிரித் தேர்வு எழுதுகிறேன். மதிப்பெண் 400-ஐச் சுற்றியே நிற்கிறது. இயற்பியலில் நான் வீக் என்கிறார்கள். என்ன செய்யலாம்?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: மருத்துவராகப் போகிறவர் நீங்கள். ‘உடம்பு சரியில்லை’ என்று மட்டும் சொல்பவருக்கு மருந்து எழுதுவீர்களா? ‘இயற்பியலில் வீக்’ என்பதும் அப்படித்தான்.

தவறாகப் போன கணக்குகளை, விடைக்குறிப்பைப் பார்க்காமல், கடிகாரத்தையும் பார்க்காமல் மறுபடி போட்டுப் பாருங்கள். இப்போது சரியாக வந்தால் பாடம் தெரியும், அவசரம்தான் கோளாறு. லென்ஸின் திறனைக் காணும்போது சென்டிமீட்டரை மீட்டராக்க மறந்திருப்பீர்கள். உயிரியலில் ‘தவறான கூற்று எது’ என்ற கேள்விக்குச் சரியான கூற்றைக் குறித்திருப்பீர்கள். நிதானமாகப் போட்டும் வரவில்லையா? அந்தத் தலைப்பை மட்டும் புத்தகத்தில் படியுங்கள். முழுப் பாடத்தையும் அல்ல.

சரியான விடைகளையும் விடாதீர்கள். குருட்டாம்போக்கில் அடித்து விழுந்தவை எத்தனை? பலரும் இதைப் பார்ப்பதே இல்லை. தேர்வின்போதே சந்தேகமான கேள்விக்குப் பக்கத்தில் புள்ளி வையுங்கள். அடுத்த முறை அப்படி ஊகித்த விடை தவறினால் வரவேண்டிய 4 மதிப்பெண் வராது. கையிருப்பிலும் 1 போகும்.

இன்னொன்று. 180 நிமிடம், 180 கேள்வி; அதில் 90 உயிரியல். அங்கே ஆமை வேகத்தில் போனால் இயற்பியலுக்கு நேரம் ஏது? பழி மட்டும் இயற்பியல்மேல் விழும்!

அடுத்த மாதிரித் தேர்வைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். எழுதி முடித்த தாள்களை முதலில் பாருங்கள்.