வண்டியில் வைத்த துப்பாக்கி களவு போனால் பொறுப்பு யாருக்கு?



கொள்முதலுக்கும் வசூலுக்கும் வண்டியில் போய்வருவது நம் அன்றாட வேலை. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு மண்டிக்குள் போய்த் திரும்புவதற்குள் பையைக் காணோம் என்று தலையில் கை வைத்த வியாபாரி எல்லா ஊரிலும் இருக்கிறார். ரொக்கம் போனாலும் வசூல் நோட்டுப் போனாலும் நட்டம் நம்மோடு முடிந்துவிடும். அந்தப் பைக்குள் துப்பாக்கி இருந்தால் நட்டம் யாருக்கு? அமெரிக்காவில் இந்தக் கேள்வி நீதிமன்றம் வரை போயிருக்கிறது. முறைப்படி உரிமம் பெற்றுத் துப்பாக்கி வைத்திருக்கும் வணிகர்கள் நம் நாட்டிலும் உண்டு. ஆகவே இதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

சான்பிரான்சிஸ்கோ வழக்கு

2015 ஜூன் மாதக் கடைசியில், அமெரிக்க மத்திய அரசின் நிலத்துறைக் காவலர் ஒருவர் சான்பிரான்சிஸ்கோ நகரில் தம் வண்டியை நிறுத்திவிட்டுப் போனார். தோட்டா நிரப்பிய கைத்துப்பாக்கி வண்டிக்குள் ஒரு முதுகுப்பையில் இருந்தது. யாரோ வண்டியை உடைத்துப் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். களவு பற்றிப் போலீசுக்குத் தகவல் போயிற்று. துப்பாக்கி கிடைக்கவில்லை.

நான்கு நாட்கள் சென்றன. ஜூலை 1ஆம் தேதி மாலை, அதே நகரின் படகுத்துறை ஒன்றில் 32 வயதுப் பெண் ஒருவர் தம் தந்தையோடு நடந்துகொண்டிருந்தார். அந்தத் துப்பாக்கியிலிருந்து கிளம்பிய குண்டு தரையில் பட்டுத் தெறித்து அவர் முதுகில் பாய்ந்தது. அவர் இறந்துபோனார். துப்பாக்கியைக் கையில் வைத்திருந்தவர், அது துணியில் சுற்றிக் கிடந்தது, எடுத்தபோது வெடித்துவிட்டது என்றார். 2017இல் நடுவர் குழு அவரைக் கொலைக் குற்றத்திலிருந்து விடுவித்தது. வண்டியை உடைத்தவர் அவர்தான் என்று மெய்ப்பிக்கப்படவில்லை.

பெண்ணின் பெற்றோர், காவலர் பணிபுரிந்த மத்திய அரசின் மீது இழப்பீட்டு வழக்குப் போட்டார்கள். துப்பாக்கியைப் பத்திரப்படுத்தாததுதானே மூலகாரணம் என்பது அவர்கள் வாதம். 2021இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. துப்பாக்கியை வண்டியில் விட்டதற்கும் பெண் இறந்ததற்கும் நடுவே ஒருவன் வண்டியை உடைத்திருக்கிறான், துப்பாக்கி இடம் மாறியிருக்கிறது, இன்னொருவர் கையில் அது வெடித்திருக்கிறது. இத்தனை நிகழ்ச்சிகள் குறுக்கே வந்தபின் முதல் கவனக்குறைவைச் சாவுக்கு நேர்க்காரணமாகச் சட்டம் கொள்ளாது என்று தீர்ப்பாயிற்று.

ஆக, அந்த உயிருக்குச் சட்டப்படி ஈடு சொல்ல ஒருவரும் இல்லாமல் போனார்கள். நாம் பார்க்க வேண்டியது இதைத்தான். பறிகொடுத்த பிறகு பொறுப்பைத் தேடினால் அது பல கைகளில் சிதறிப்போகிறது. பறிகொடுப்பதற்கு முன்னால், பூட்டும் சாவியும் ஒருவர் கையில் இருக்கும்போது, பொறுப்பு முழுவதும் அவருடையதுதான்.

சட்டம் பிறகு என்ன செய்தது?

கலிபோர்னியா மாநிலம் 2016இல் ஒரு சட்டம் இயற்றியது. ஆளில்லாத வண்டியில் கைத்துப்பாக்கியை விட்டுச் செல்பவர், அதை டிக்கியில் வைத்துப் பூட்ட வேண்டும், அல்லது பூட்டிய பெட்டியில் வைத்து வெளியே தெரியாதபடி மறைக்க வேண்டும். தவறினால் 1,000 டாலர் வரை அபராதம். போலீசாருக்கும் இது பொருந்தும். டேஷ்போர்டு அறையைப் பூட்டிவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் கவனிக்கவும்: அந்த அறையைப் பூட்டிய பெட்டியாக அம்மாநிலச் சட்டம் கணக்கில் எடுப்பதில்லை. அதே 2016இல் மக்கள் வாக்கெடுப்பு மூலம் இன்னொரு விதியும் வந்தது. துப்பாக்கி களவு போனதை அறிந்த ஐந்து நாட்களுக்குள் போலீசுக்குச் சொல்லியாக வேண்டும். கொலராடோ மாநிலமும் வண்டியில் துப்பாக்கி வைப்பதற்குப் பூட்டிய பெட்டியைக் கட்டாயமாக்கியது. அது 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

இதில் வணிகர்கள் அறிய வேண்டிய வேறுபாடு ஒன்று உண்டு. துப்பாக்கி விற்கும் கடைக்காரர் தம் சரக்கில் ஒன்று குறைந்தாலும், தெரிந்த 48 மணி நேரத்துக்குள் அரசுக்கும் உள்ளூர்ப் போலீசுக்கும் தெரிவிக்க வேண்டும் என்று அமெரிக்க மத்தியச் சட்டம் 1994 முதல் சொல்கிறது. அதே துப்பாக்கியை விலை கொடுத்து வாங்கிப்போன தனிநபருக்கு மத்தியச் சட்டத்தில் அந்தக் கடமை கிடையாது. இருப்புக் கணக்கு கடையோடு நின்றுவிட்டது. களவோ கடைக்கு வெளியேதான் அதிகம். 2017 முதல் 2021 வரையான ஐந்து ஆண்டுகளில் தனிநபர்களிடமிருந்து களவு போனதாகப் போலீசில் பதிவானவை மட்டும் 10 லட்சத்துக்கு மேல்.

வண்டி ஏன் குறியாகிறது? அங்கே பலர் தற்காப்புக்கென்று துப்பாக்கியோடு வெளியே கிளம்புகிறார்கள். நீதிமன்றம், பள்ளிக்கூடம், விளையாட்டரங்கம் போன்ற இடங்களில் அதற்கு அனுமதி இல்லை. ஆகவே வண்டியிலேயே விட்டுப் போகிறார்கள். வீட்டுக் கதவை உடைப்பதைவிடக் கார் கண்ணாடியை உடைப்பது எளிது.

நம் நாட்டு நிலை

இந்தியாவில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருக்க முடியாது. 2019 திருத்தத்துக்குப் பின் ஒருவர் பொதுவாக இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்துக்கொள்ளவும் கூடாது. துப்பாக்கியோ தோட்டாவோ தொலைந்தாலும் களவு போனாலும் உடனே அருகிலுள்ள காவல் நிலையத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது உரிமத்தின் நிபந்தனை. இங்கே ஐந்து நாள் அவகாசம் இல்லை. உரிம நிபந்தனையை மீறுவதே சட்டத்தின் 30ஆம் பிரிவுப்படி தனிக் குற்றம். உரிமப் புத்தகத்தின் பின்பக்கத்தைப் படிக்காமல் பீரோவில் வைத்திருப்பவர்கள் ஒருமுறை எடுத்துப் படித்துவிடுவது நல்லது.

உரிமம் உள்ளவர்கள் கடைப்பிடிக்க வேண்டியவை:

1. வசூலுக்குப் போகும்போது துப்பாக்கி உண்மையிலேயே தேவைதானா என்று முதலில் யோசியுங்கள். வழியில் நான்கு இடத்தில் இறங்க வேண்டியிருந்தால் அது பாதுகாப்பைவிடப் பாரமாகிவிடும்.

2. நிறுத்திய வண்டியில் விடாதீர்கள். சீட்டுக்கு அடியிலும் டேஷ்போர்டிலும் வைப்பது திருடனுக்குத் தெரிந்த இடத்தில் வைப்பதுதான். டிரைவரை நம்பி விட்டுப் போவதும் கூடாது. உரிமம் உங்கள் பெயரில் இருக்கிறது, அவர் பெயரில் இல்லை.

3. கடையிலும் வீட்டிலும் இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டுங்கள். தோட்டா வேறிடத்தில் இருக்கட்டும். சாவி கல்லாச் சாவிக்கொத்தில் தொங்க வேண்டாம்.

4. துப்பாக்கியின் எண்ணையும் தோட்டாக் கணக்கையும் தனி நோட்டில் எழுதி வையுங்கள். எண் தெரியாமல் கொடுக்கும் புகாரால் துப்பாக்கியைத் தேடிப் பிடிப்பது கடினம்.

5. தேர்தல் நேரத்தில் ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு வந்தால் ஒப்படைத்து ரசீது வாங்கி வையுங்கள்.

6. காணோம் என்றால் நாமே தேடிப் பார்க்கலாம், வெளியே தெரிந்தால் மானம் போகும் என்று ஒரு இரவைக்கூடத் தள்ளாதீர்கள். புகார் மனுவின் நகலில் காவல் நிலைய முத்திரை பெறுங்கள்.

துப்பாக்கி இல்லாதவர்களுக்கும் இந்தப் பாடம் உண்டு. ஆசிட், எலி மருந்து, பட்டாசு என்று பிறர் உயிரைத் தொடும் சரக்கு நம் டெம்போவிலும் ஏறுகிறது. ஆசிட் விற்பவர், வாங்குபவர் விவரத்தைப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013இல் கட்டளையிட்டது. வாங்குபவரையே எழுதச் சொல்லும்போது, தார்ப்பாய் போட்டு நிறுத்திய வண்டியிலிருந்து ஒரு கேன் காணாமல் போனால் அதற்கு என்ன கணக்கு எழுதுவோம்?

சரக்கில் இரண்டு வகை உண்டு. தொலைந்தால் நம்மை மட்டும் பாதிப்பது ஒன்று. முகம் தெரியாத ஒருவர் வீட்டில் அழுகுரல் கேட்க வைப்பது இன்னொன்று. முதல் வகையைச் செலவுக் கணக்கில் எழுதிவிடலாம். இரண்டாம் வகைக்கு நம் பேரேட்டில் பக்கம் இல்லை. வண்டியை விட்டு இறங்கும் முன் உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருமுறை திரும்பிப் பார்ப்பதை நாமும் பழகுவோம், நம் பிள்ளைகளுக்கும் கடை ஆட்களுக்கும் பழக்குவோம்.