அம்மா ஏ, அப்பா பி, மகள் ஓ

எனக்கு ஏ பாசிட்டிவ், கணவருக்கு பி பாசிட்டிவ். மகளுக்கு ஓ நெகட்டிவ் என்று ரிப்போர்ட் வந்ததிலிருந்து மாமியார் முகமே சரியில்லை. இப்படி நடக்குமா?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

தாராளமாக நடக்கும், சகோதரி. ரத்தப் பிரிவுக்கு ஒவ்வொருவரிடமும் இரண்டு மரபணுக்கள் உண்டு. அம்மா தந்தது ஒன்று, அப்பா தந்தது ஒன்று. உங்களிடம் ஏ-வுடன் ஓ, அவரிடம் பி-யுடன் ஓ இருக்கிறது. ஏ-வோ பி-யோ கூட இருந்தால் ஓ வெளியே தெரியாது. இருவரின் ஓ-வும் மகளிடம் சேர்ந்துவிட்டன. உங்கள் கணவருக்கு அந்த ஓ-வைக் கொடுத்தது மாமியாராகவோ மாமனாராகவோதான் இருக்க வேண்டும். இதை வீட்டில் பக்குவமாகச் சொல்லுங்கள். நெகட்டிவும் இதே வழியில் மறைந்து வந்ததுதான். இரண்டும் ஒரே குழந்தைக்கு அமைய 16-இல் ஒரு வாய்ப்பு. அடுத்த குழந்தைக்கு ஏ, பி, ஏபி, ஓ எதுவும் அமையலாம்.

கவனிக்க வேண்டியது வேறு. ரத்தம் ஏற்ற நேர்ந்தால் மகளுக்கு ஓ நெகட்டிவ்தான் வேண்டும். அது எளிதில் கிடைக்காது. பக்கத்து ரத்த வங்கியின் எண்ணைக் குறித்து வையுங்கள். பிற்காலத்தில் அவள் கருவுற்றால் முதல் செக்கப்பிலேயே பிரிவைச் சொல்ல வேண்டும். தேவைப்பட்டால் ஆன்டி-டி ஊசி போடுவார்கள். மற்றபடி, இந்த ரிப்போர்ட்டில் சந்தேகத்துக்கு இடமே இல்லை.