வளரும் பிள்ளைகளும் வாடகை வீடும்

பதின்பருவத்துப் பிள்ளைகளை உடையவர்கள் சென்னையில் வீடு தேடும்போது, கூடத்தின் விசாலத்தையும் வாடகையின் சகாயத்தையும் ஆராய்வதற்கு முன்பாக, பெற்றோரின் வாகனத்தை எதிர்பாராமல் அப்பிள்ளைகள் தாமாகவே பள்ளிக்கும் நூலகத்துக்கும் மைதானத்துக்கும் போய்வர அப்பேட்டை இடந்தருகிறதா என்பதையே பிரதானமாக யோசிக்க வேண்டும். மாம்பலம், சைதாப்பேட்டை முதலிய, கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் பாதையை ஒட்டிய பகுதிகளுக்கு இதில் விசேஷ அனுகூலம் உண்டு. எழும்பூரில் இறங்கினால் கன்னிமாரா நூலகம் நடக்கும் தூரந்தான்.

பகலில் வீட்டைப் பார்த்துத் திருப்தியடைந்துவிடாமல், டியூஷன் முடிந்து பிள்ளைகள் திரும்பும் இரவு எட்டு மணி சுமாருக்கு, பஸ் நிறுத்தத்திலிருந்து வீட்டு வாசல்வரை ஒருமுறை நடந்து, தெருவிளக்கு எரிகிறதா, கடைகள் திறந்திருக்கின்றனவா, நடைபாதை என்று ஒன்று இருக்கிறதா எனக் கவனியுங்கள். பெண் பிள்ளையின் சுதந்திரம் பெரும்பாலும் அந்தச் சில நூறு அடிகளிலேயே நிர்ணயமாகிறது என்பது என் திடமான அபிப்பிராயம்.

வேளச்சேரி, முடிச்சூர், கோட்டூர்புரம் போன்ற பகுதிகளாயின், 2015 டிசம்பர் வெள்ளத்தில் அத்தெருவில் நீர் எவ்வளவு உயரம் நின்றது என்பதைத் தரகரிடமல்ல, தரைத்தளத்தில் நெடுங்காலம் குடியிருப்பவர்களிடம் விசாரியுங்கள். குடிநீர் வரும் நேரத்தையும் அவர்களே சொல்வார்கள். முன்பணம் கொடுக்குமுன் பிள்ளைகளையும் அழைத்துச் சென்று காட்டி, அவர்கள் சொல்லும் ஆட்சேபத்தைப் பொறுமையாகக் கேளுங்கள்.